பகல் தூக்கத்துக்கு மாத்திரை இருக்கட்டும், முதலில் ஸ்கூட்டர் சாவியைக் கொடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 43, திருமணமான பெண். அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. 2 வருடமாகப் பகலில் தாங்க முடியாத தூக்கம். கணினி முன்னால் உட்கார்ந்தால் கண் சொக்குகிறது, மீட்டிங்கில் தலை தொங்கிவிடுகிறது. ‘தூங்குமூஞ்சி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். மேலாளர் ஒருமுறை எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். இத்தனைக்கும் இரவில் 7 மணி நேரம் தூங்குகிறேன். 11.15-க்குப் படுத்து, கொஞ்ச நேரம் போன் பார்த்துவிட்டுத் தூங்கி, 5.30-க்கு எழுவேன். நடுவில் இரண்டு முறை பாத்ரூம் போக எழுந்திருப்பேன். காலையில் தலை பாரமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை 9 மணி வரை தூங்கினாலும் தெளிவதில்லை. ஒரு நாளைக்கு 4 காபி, கடைசி காபி மாலை 6 மணிக்கு. தும்மலுக்காக இரவில் ஓர் அலர்ஜி மாத்திரை போடுவேன், வேறு மருந்து எதுவும் இல்லை. எடை 9 கிலோ கூடியிருக்கிறது. சர்க்கரை இல்லை என்று பரிசோதனையில் சொல்லிவிட்டார்கள். இது எந்த வைட்டமின் குறைவு? தோழி ஒருத்தி தூக்கம் வராமல் இருக்க ஒரு மாத்திரை போடுகிறாள், நானும் போடலாமா? இல்லை, வீட்டில் சொல்வதுபோல வெறும் சோம்பேறித்தனம்தானா?

பி.கு.: போன வாரம் சிக்னலில் ஸ்கூட்டரில் நின்றுகொண்டிருந்தபோது கண் மூடிவிட்டது. பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்த பிறகுதான் விழித்தேன்.

பதில்:

உங்கள் கடிதத்தில் முதல் வரியாக வந்திருக்க வேண்டியதைப் பின்குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன். காரணம் தெரிந்து, சிகிச்சை தொடங்கி, பகலில் தெளிவாக இருக்கிறீர்கள் என்று உங்கள் மருத்துவர் சொல்லும் வரை ஸ்கூட்டர் ஓட்டாதீர்கள். பின்சீட்டில் உட்காருங்கள், பேருந்தில் போங்கள், யாரையாவது கொண்டுபோய் விடச் சொல்லுங்கள். சிரமம்தான், தெரிகிறது. ஆனால் கண் மூடியது வண்டி நின்றுகொண்டிருந்தபோது என்பதால்தான் அது ஹாரனோடு முடிந்தது. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகும். 3 நொடி கண் அசந்தால் 33 மீட்டர் தூரத்துக்கு வண்டியை ஓட்ட ஆளில்லை என்று அர்த்தம். இந்தக் குட்டித் தூக்கத்துக்கு அறிவிப்பு எதுவும் கிடையாது. பலருக்குத் தூங்கியதே தெரியாது, ‘எனக்கு எதுவும் ஆகவில்லையே’ என்று சத்தியம் செய்வார்கள். முகத்தில் தண்ணீர் அடிப்பது, பாட்டு போடுவது, காற்று படும்படி உட்காருவது எல்லாம் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது.

பகல் தூக்கத்தை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் மருத்துவர் முர்ரே ஜான்ஸ் 1991-இல் வெளியிட்டது. எப்வொர்த் அளவுகோல் என்று பெயர். படித்துக்கொண்டிருக்கும்போது, டிவி பார்க்கும்போது, ஒருவரோடு உட்கார்ந்து பேசும்போது என்று 8 சூழ்நிலைகளைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் கண் அயர்வதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் போடச் சொல்வார்கள். மொத்தம் 24. பத்தைத் தாண்டினால் அளவுக்கு மீறிய தூக்கம். அதில் எட்டாவது சூழ்நிலை என்ன தெரியுமா? போக்குவரத்தில் வண்டி சில நிமிடம் நிற்கும்போது. மதிய நேரத்தில் படுத்தால் தூக்கம் வரும் என்று சொல்ல யாரும் தயங்குவதில்லை. இந்த எட்டாவது கேள்விக்குப் பெரும்பாலானவர்கள் 0 போடுவார்கள். நீங்கள் அதில் தூங்கியே காட்டிவிட்டீர்கள். ஆகவே சோம்பேறித்தனமா என்ற கேள்விக்கு விடை சொல்லியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சோம்பேறிக்கு வேலை செய்ய மனம் வராது. உங்களுக்கு மனம் இருக்கிறது, கண் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘அசதியாக இருக்கிறது, ஆனால் படுத்தால் தூக்கம் வராது’ என்று வருபவர்கள் ஒரு வகை. அங்கே ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு, ஓய்வே இல்லாத வாழ்க்கை என்று தேட வேண்டும். சும்மா உட்கார்ந்தாலே தூங்கிவிடுகிறேன் என்பவர்கள் வேறு வகை. இவர்களிடம் முதலில் இரவைப் பற்றித்தான் கேட்க வேண்டும். நீங்கள் இரண்டாவது வகை. ஆகவே உங்கள் இரவைப் பார்ப்போம்.

7 மணி நேரம் தூங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்களே கொடுத்த நேரங்களை வைத்துக் கணக்குப் போடுவோம், உங்களுக்குத்தான் அது தொழிலாயிற்றே. 11.15 முதல் 5.30 வரை மொத்தமே 6 மணி 15 நிமிடம். அதில் ‘கொஞ்ச நேரம்’ போன். என் அனுபவத்தில் இந்தக் கொஞ்ச நேரம் அரை மணிக்குக் குறைந்ததே இல்லை. பாத்ரூம் போய்விட்டு வந்து மறுபடி தூங்குவதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு 10, 15 நிமிடம். எல்லாம் கழித்தால் மிஞ்சுவது 5 மணி நேரத்துக்குச் சற்று மேலே. பெரியவர்களுக்குத் தினம் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும். நீங்கள் ஒவ்வோர் இரவும் கிட்டத்தட்ட 2 மணி நேரம் பாக்கி வைக்கிறீர்கள். வேலை நாட்கள் முடியும்போது அந்தப் பாக்கி ஒரு முழு இரவைத் தாண்டிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்றரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கி அதை அடைக்க முடியாது. போதாததற்கு, ஞாயிறு 9 மணி வரை படுத்துவிட்டு இரவு தூக்கம் வராமல் புரண்டு, திங்கட்கிழமையை இன்னும் மோசமாகத் தொடங்குவீர்கள்.

‘எனக்கு இது பழகிவிட்டது’ என்று சொல்பவர்களுக்காகவே செய்ததுபோல ஓர் ஆய்வு உண்டு. 2003-இல் அமெரிக்காவில் வெளியானது. ஆரோக்கியமானவர்களை இரண்டு வாரம் தினமும் 6 மணி நேரம் மட்டுமே படுக்க விட்டார்கள். இரண்டு வார முடிவில் அவர்களுடைய கவனமும் வேகமும், ஓரிரு இரவுகள் ஒரு கண்கூட மூடாதவர்களின் நிலைக்கு இறங்கிவிட்டன. அவர்களைக் கேட்டால் ‘கொஞ்சம் தூக்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்’ என்றார்கள். திறமை நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போனது, ஆனால் அது இறங்குகிறது என்ற உணர்வு முதல் சில நாட்களிலேயே நின்றுவிட்டது. இதனால்தான் ‘நான் நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்ற ஒருவரின் சொந்தச் சான்றிதழை நான் ஏற்பதில்லை.

சரி, தூக்கத்தைக் கூட்டினால் போதுமா? உங்கள் விஷயத்தில் போதாது என்று நினைக்கிறேன். அதற்கு முன் அந்த அலர்ஜி மாத்திரை.

‘வேறு மருந்து எதுவும் இல்லை’ என்று அதை ஓரமாக ஒதுக்கியிருக்கிறீர்கள். அட்டையைத் திருப்பிப் பெயரைப் பாருங்கள். குளோர்பெனிரமின் போன்ற பழைய தலைமுறை மருந்தாக இருந்தால், அது மூளைக்குள் புகுந்து, நம்மை விழிப்பாக வைத்திருக்கும் ஹிஸ்டமினையே தடுக்கிறது. இரவில்தானே போடுகிறேன் என்பீர்கள். குளோர்பெனிரமினில் பாதி உடலிலிருந்து வெளியேறுவதற்கே பெரியவர்களுக்கு ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். நேற்று இரவு போட்டது இன்று மதியம் மீட்டிங்கிலும் வேலை செய்துகொண்டிருக்கும். செட்ரிசின் அந்த அளவுக்கு இல்லை என்றாலும் சிலருக்குத் தூக்கம் தரும். ஃபெக்ஸோஃபெனடின், லோராடடின் போன்றவற்றில் தூக்கம் குறைவு. தினமும் தும்மல் இருந்தால் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே பல நேரம் மாத்திரையைவிட நன்றாகக் கேட்கும். மூக்கடைப்பு விலகினால் இரவு மூச்சும் கொஞ்சம் லேசாகும். மாத்திரை எழுதிக் கொடுத்தவரிடம் ‘தூக்கம் தராத மருந்தாக மாற்றித் தாருங்கள்’ என்று கேளுங்கள். வலிப்பு, நரம்பு வலி, மனச்சோர்வு, ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான சில மருந்துகளிலும் இதே தொல்லை உண்டு. இதைப் படிக்கும் வேறு யாராவது அவற்றைச் சாப்பிட்டால், தாங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இப்போது, நான் உண்மையில் சந்தேகப்படுவதற்கு வருகிறேன். இரவில் இரண்டு முறை எழுவது, காலையில் தலை பாரம், நீளமாகத் தூங்கினாலும் தெளியாதது, எடை ஏறியது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் சொல்லிவிடலாம். நான்கும் ஒரே ஆளிடம், கூடவே சிக்னல் தூக்கமும் என்றால், தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இதை ஸ்லீப் ஆப்னியா என்போம்.

நடப்பது இதுதான். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. எல்லோருக்கும் தளரும். சிலருக்குத் தொண்டை அதோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்குக் குறுகிவிடுகிறது. நெஞ்சு மூச்சை இழுக்கிறது, காற்று உள்ளே போவதில்லை. 10 நொடி, 20 நொடி, சில நேரம் அதற்கும் மேல். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை பதறிக்கொண்டு ஒரு கணம் விழித்துத் தொண்டையைத் திறக்கிறது. ‘கர்ர்’ என்று ஒரு சத்தம், புரண்டு படுத்தல், மறுபடி தூக்கம். அந்தக் கணம் காலையில் நினைவில் இருக்காது. மணிக்கு 5 முதல் 15 தடவை இப்படி நடந்தால் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் தீவிரம். மணிக்கு 30 என்றால் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் உங்களை உலுக்கி எழுப்புவதற்குச் சமம். அப்படிப்பட்ட தூக்கத்தை 10 மணி நேரம் தூங்கினாலும் பலன் இல்லை. மூச்சுக்காகப் போராடும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் மாறி இதயம் இழுபடுவதால் சிறுநீரைக் கூட்டும் ஒரு ஹார்மோன் சுரக்கிறது. இரவில் பாத்ரூமுக்கு எழ இதுவும் ஒரு காரணம். ‘சர்க்கரை இல்லை’ என்றதோடு உங்களுக்கு அந்தத் தேடல் நின்றுவிட்டது போலிருக்கிறது.

‘ஆனால் நான் பெரிதாகக் குறட்டை விடுவதில்லையே’ என்பீர்கள். குறட்டையைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை, கவனித்தேன். ஆண்கள் இந்த நோயோடு வருவதற்கு முக்கியக் காரணம், பக்கத்தில் படுத்திருப்பவர் சகிக்க முடியாமல் பிடித்து அழைத்து வருவதுதான். பெண்களுக்குக் குறட்டை மெதுவாக இருக்கலாம். அசதி, தலைவலி, விட்டுவிட்டு வரும் தூக்கம், எரிச்சல் என்று வேறு முகத்தோடு நோய் வரும். அதை ‘டென்ஷன்’, ‘வயதுக் கோளாறு’, ‘ஹார்மோன்’ என்று எழுதி அனுப்பிவிடுகிறோம், மருத்துவர்களும்தான். மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கும்போது பெண்களுக்கு இந்த ஆபத்து கூடுகிறது. எடையின் பங்கும் பெரியது. உடல் எடை 10 சதவீதம் கூடியவர்களுக்கு மூச்சுத் தடைகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகரித்ததாக 2000-இல் வந்த ஒரு நீண்ட கால ஆய்வு காட்டியது. எடை கூடியதால் மூச்சுத் தடை, மூச்சுத் தடையால் பகல் தூக்கம், பகல் தூக்கத்தால் நடையும் உடற்பயிற்சியும் போய், மறுபடி எடை. ‘முதலில் எடையைக் குறையுங்கள், அப்புறம் பார்க்கலாம்’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தூக்கத்தில் தள்ளாடுகிறவரை உடற்பயிற்சி செய்யச் சொல்வதில் நியாயமில்லை. இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

உங்கள் கணவர் ஒரு வேலை செய்யட்டும். விடியற்காலை 4 மணிவாக்கில் அலாரம் வைத்து எழுந்து, நீங்கள் தூங்குவதை 10 நிமிடம் போனில் பதிவு செய்யட்டும். ஏன் 4 மணி? கனவுத் தூக்கம் இரவின் பின்பகுதியில்தான் அதிகம், அப்போது தசைகள் மிகவும் தளர்ந்திருக்கும், பலருக்கு மூச்சுத் தடை மோசமாவது அந்த நேரத்தில்தான். நீங்கள் மல்லாந்து படுத்திருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். படத்தைவிடச் சத்தம் முக்கியம்: சீரான குறட்டை, திடீரென்று அமைதி, பிறகு மூச்சு முட்டியதுபோல ஓர் இழுப்பு. அந்த அமைதியைத்தான் கேட்க வேண்டும். வீட்டில் உள்ளவர்கள் அதைக் கேட்டு ‘இப்போதுதான் குறட்டை நின்றிருக்கிறது’ என்று நிம்மதி அடைவார்கள்! பதிவில் ஒன்றும் இல்லாவிட்டாலும் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பத்து நிமிடம் ஓர் இரவுக்குச் சாட்சி ஆகாது.

நுரையீரல் மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர், தூக்க மருத்துவத்தில் பயிற்சி பெற்ற யாராக இருந்தாலும் இதைப் பார்ப்பார்கள். ஓர் இரவு மருத்துவமனையில் தங்கி, தலையிலும் நெஞ்சிலும் கம்பிகள் ஒட்டிக்கொண்டு தூங்கும் முழுப் பரிசோதனை உண்டு. விரலிலும் மூக்கிலும் நெஞ்சிலும் மாட்டிக்கொண்டு வீட்டிலேயே செய்யும் சிறிய பரிசோதனையும் உண்டு. உங்களைப் போல் சந்தேகம் வலுவாக இருப்பவர்களுக்குப் பல நேரம் வீட்டுப் பரிசோதனையே போதும். ஒரு எச்சரிக்கை: வீட்டுப் பரிசோதனை ‘இல்லை’ என்று சொல்லி, தொல்லை மட்டும் தொடர்ந்தால் முழுப் பரிசோதனையைக் கேளுங்கள். சின்னக் கருவி சில தடைகளைத் தவறவிடும்.

நோய் உறுதியானால், நடுத்தர, தீவிர நிலைக்கு முதல் சிகிச்சை சிபாப் கருவி. 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவரின் குழு அறிமுகம் செய்தது. மூக்கில் மாட்டும் முகமூடி வழியே மெல்லிய காற்றழுத்தம் தொண்டையை ஒட்டவிடாமல் தாங்கிப் பிடிக்கும். மருந்து எதுவும் கிடையாது, ஆக்சிஜன் சிலிண்டரும் அல்ல. முதல் வாரம் எல்லோரும் சலித்துக்கொள்வார்கள்: முகமூடி அழுத்துகிறது, வாய் வறள்கிறது, கணவர் சிரிக்கிறார். அளவு மாற்றி, ஈரப்பதம் சேர்த்து, பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி மாட்டிப் பழகினால் பெரும்பாலும் வழிக்கு வரும். தீவிரமாக இருப்பவர்களில் சிலர் முதல் சில நாட்களிலேயே ‘இப்படி விழித்து எத்தனை வருடம் ஆயிற்று’ என்பார்கள். எல்லோருக்கும் அப்படி உடனே நடப்பதில்லை, சில வாரம் கொடுங்கள். லேசான நிலையென்றால் கீழ்த்தாடையை முன்னால் தள்ளிவைக்கும் பல் கருவி, பக்கவாட்டில் படுத்துப் பழகுவது, எடைக் குறைப்பு என்று வேறு வழிகளும் உண்டு. மது அருந்தும் பழக்கம் உள்ளவர்களுக்கு இரவில் அது தொண்டையை இன்னும் தளர்த்தும். தூக்க மாத்திரைகளையும் இந்த நோயைக் கண்டறியாமல் போடக்கூடாது.

வைட்டமின் கேள்விக்குச் சுருக்கமாக. ‘இந்த வைட்டமின் குறைந்தால் சிக்னலில் தூக்கம் வரும்’ என்று ஒன்று இல்லை. ஆனால் ரத்தத்தில் மூன்றைப் பார்க்கலாம்: ஹீமோகுளோபின், தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம் என்றால் ஃபெர்ரிட்டின் கட்டாயம். தைராய்டு குறைந்தால் எடையும் கூடும், மந்தமும் வரும், மூச்சுத் தடையும் மோசமாகும். அப்புறம், மாலையில் உட்கார்ந்தாலோ படுத்தாலோ கால்களை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறதா, எழுந்து நடந்தால் அடங்குகிறதா? அப்படியானால் அது அமைதியற்ற கால்கள் என்ற தனிக் கோளாறு. தூக்கத்தைக் கெடுக்கும். அதற்கு ஃபெர்ரிட்டின் வெறும் ‘நார்மல்’ என்றிருந்தால் போதாது, 75-க்குக் கீழே இருந்தாலே இரும்புச் சத்து கொடுத்துப் பார்ப்போம்.

இவை எல்லாவற்றையும் சரிசெய்து, போதுமான அளவு தூங்கியும் பகலில் விழுந்துவிழுந்து தூங்குகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அங்கேதான் அடக்க முடியாத பகல் தூக்கத்தைத் தரும் மூளைக் கோளாறான நார்கோலெப்சியையும், காரணம் தெரியாத மிகைத்தூக்கத்தையும் தேடுவோம். நார்கோலெப்சியின் முக்கிய வகையில், மூளையில் விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஓரெக்ஸின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் அழிந்துபோயிருக்கும். அந்தப் பொருளே 1998-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இது பெரும்பாலும் பதின்ம வயதிலோ இருபதுகளிலோ தொடங்கும். உங்களுக்கு 41-இல் தொடங்கியிருப்பதால் வாய்ப்பு குறைவு. ஆனாலும் ஒரு கேள்வி: வயிறு குலுங்கச் சிரிக்கும்போது முழங்கால் மடங்குவது, தாடை தொங்குவது, கையிலிருப்பது நழுவுவது என்று எப்போதாவது நடந்திருக்கிறதா? சுயநினைவு தப்பாமல், சில நொடிகள் மட்டும்? இருந்தால் மருத்துவரிடம் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்ட இளைஞர்கள் பலர், வகுப்பில் தூங்குகிறான் என்று அடி வாங்கிக்கொண்டே வருடக்கணக்கில் நோயின் பெயர் தெரியாமல் இருந்துவிடுகிறார்கள். உங்கள் கேள்விக்கு இது நேரடியாகத் தேவையில்லை, ஆனால் இதைப் படிக்கும் ஏதோ ஒரு பெற்றோருக்குத் தேவைப்படலாம் என்றுதான் சொல்கிறேன்.

தோழியின் மாத்திரைக்கு வருவோம். பெயர் எழுதவில்லை, அநேகமாக மோடஃபினில் வகையாக இருக்கும். நல்ல மருந்துதான், நானே எழுதிக் கொடுக்கிறேன், காரணம் தெரிந்த பிறகு. சிபாப் ஒழுங்காகப் பயன்படுத்தியும் தூக்கம் மிச்சமிருப்பவர்களுக்கும் நார்கோலெப்சிக்கும் அது உதவும். உங்களுக்கு இப்போது வேண்டாம். மூச்சுத் தடை இருந்தால், இரவு முழுக்க ஆக்சிஜன் இறங்கி ஏறுவதை இது தடுக்காது. பகலில் தெளிவாக இருப்பதால் நீங்களும் சிகிச்சைக்குப் போக மாட்டீர்கள். ரத்த அழுத்தமும் இதயமும் மறைவில் அடி வாங்கிக்கொண்டிருக்கும். இன்னொன்று பெண்களுக்கு யாரும் சொல்லாதது: ஹார்மோன் கருத்தடை மாத்திரையின் பலத்தை மோடஃபினில் குறைத்துவிடும், மருந்தை நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்கு. தோழிக்கும் இதைச் சொல்லுங்கள்.

காபியும் கிட்டத்தட்ட இதே கதைதான், அளவு சிறியது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும், தூக்கம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். காபியில் உள்ள கஃபீன் அடினோசினைக் குறைப்பதில்லை, அது போய் உட்காரும் இடத்தை மட்டும் மறைக்கிறது. பெட்ரோல் முள்ளின் மேல் காகிதம் ஒட்டிவிட்டு வண்டி ஓட்டுவதுபோல. குடித்ததில் பாதி உடலில் கழிவதற்குச் சுமார் 5 மணி நேரம் ஆகும். உங்கள் மாலை 6 மணி காபியில் பாதி, படுக்கும்போதும் உள்ளே இருக்கும். படுப்பதற்கு 6 மணி நேரம் முன் எடுத்த கஃபீன்கூட ஒரு மணி நேரத்துக்கும் மேல் தூக்கத்தைக் குறைத்ததை 2013-இல் ஓர் ஆய்வு அளந்து காட்டியது. அதில் கொடுத்தது 400 மில்லிகிராம், பெரிய அளவுதான். இருந்தாலும் திசை தெரிகிறது அல்லவா? காபியை நிறுத்தச் சொல்லவில்லை. கடைசி காபியை மதியம் 1 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள், நான்கை மெதுவாக இரண்டாக்குங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வந்து, அதையும் தூக்கத்தின் கணக்கில் எழுதுவீர்கள்.

பரிசோதனைக்கு நாள் கிடைக்கும் வரை இரண்டு வாரம் இதைச் செய்யுங்கள். 10 மணிக்குப் படுக்கை, போன் வேறு அறையில். எழுவது தினமும் 5.30-க்கே, ஞாயிறன்று வேண்டுமானால் ஒரு மணி நேரம் கூடுதல், அதற்கு மேல் வேண்டாம். 10 மணிக்குப் படுக்க முடியாதபடி வீட்டு வேலை இருக்கிறது என்றால், அந்த வேலைப் பட்டியலைக் கணவரோடு உட்கார்ந்து பிரியுங்கள். இதை மருத்துவ ஆலோசனையாகவே சொல்கிறேன். நிறைய வீடுகளில் முதலில் எழுந்து கடைசியில் படுப்பது ஒரே ஆள்தான், பகல் தூக்கத்துக்குத் திட்டு வாங்குவதும் அவரேதான். எழுந்ததும் அரை மணி நேரமாவது வெளிச்சத்தில் இருங்கள். மூளையின் கடிகாரத்துக்கு நேரம் சொல்வது வெளிச்சம்தான். ஒரு நோட்டில் நான்கே விஷயம்: எப்போது படுத்தேன், எத்தனை முறை எழுந்தேன், எப்போது எழுந்தேன், பகலில் எங்கே கண் அயர்ந்தது. மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டும், கணவர் எடுத்த பதிவும், மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும். இந்த இரண்டு வாரத்தில் ஓரளவு தெளிந்தாலும் பரிசோதனையை ரத்து செய்யாதீர்கள்.

அலுவலகத்தில் பகலைத் தள்ளுவதற்கு இரண்டு யோசனை. மதியம் 1 முதல் 4 வரை வரும் சரிவு உடல் கடிகாரத்தில் எழுதியிருப்பது, மதியம் சாப்பிடாவிட்டாலும் வரும். அந்த நேரத்தில் எண்களைச் சரிபார்க்கும் வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். அதைக் காலைக்கு மாற்றி, ஆட்களோடு பேசுவது, நின்று நடந்து செய்வது போன்றவற்றை மதியத்துக்கு வையுங்கள். இரண்டாவது, தூக்கத்தோடு மல்லுக்கட்டுவதைவிட 20 நிமிடம் தூங்கிவிடுவது நல்லது. அலாரம் வைத்து, 3 மணிக்கு முன்னால். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடுவீர்கள். அதிலிருந்து எழுந்தால் கொஞ்ச நேரத்துக்கு எதுவும் ஓடாது, தூங்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும். அன்றைய கடைசி காபியைக் குட்டித் தூக்கத்துக்குச் சற்று முன் குடிப்பது ஒரு தந்திரம். கஃபீன் வேலை செய்யத் தொடங்க 20, 30 நிமிடம் ஆவதால், எழும் நேரமும் அது ஏறும் நேரமும் ஒத்துப்போகும்.

இதற்கு மேலாளரின் சம்மதம் வேண்டுமே? அவரைத் தனியாகப் பார்த்து, ‘எனக்குத் தூக்கத்தில் மூச்சுக் கோளாறு இருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகிக்கிறார், பரிசோதனை செய்யப்போகிறேன், அதுவரை மதிய இடைவேளையில் 20 நிமிடம் ஓய்வறையில் படுத்துக்கொள்ள அனுமதி வேண்டும், மாலையில் 20 நிமிடம் கூடுதலாக இருந்து ஈடுசெய்கிறேன்’ என்று கேளுங்கள். மன்னிப்புக் கேட்கும் குரலில் வேண்டாம். கணக்கில் பிழை வந்து அதைத் தேடுவதற்கு ஆகும் நேரத்தைவிட 20 நிமிடம் அவருக்கும் லாபம்தான். எழுத்தில் கேட்டால், பரிசோதனை செய்யும் மருத்துவர் ஒரு சான்றிதழ் கொடுப்பார்.